ஊசி படக்கூடாத உடம்பு

முதலில் தொப்புளைச் சுற்றித்தான் அரித்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வயிறு விரியும்போது அரிக்கத்தான் செய்யும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். சங்கராபுரம் தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று ஊர்ச்சனத்துக்கெல்லாம் விண்ணப்பம் எழுதித் தருவேன். ஒருநாள் ஒரு பெரியவருக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பொறுக்க முடியாமல் பேனாவை வைத்துவிட்டு, மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துச் சேலைக்குள் விட்டுச் சொறிந்தேன். பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. அவ்வளவு அரிப்பு.

அரித்த இடம் தடித்துச் சிவந்தது. ஒரு வாரத்தில் சிவந்த இடமெல்லாம் உளுந்து பருமனில் நீர் கோத்த கொப்புளங்கள். வயிற்றில் தொடங்கித் தொடைக்கு இறங்கி, கைக்கு ஏறின. முகத்தை மட்டும் விட்டுவிட்டன.

எங்கள் வீடு சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் அடுப்படி. நான், கணவர், மாமியார் என்று மூன்றே பேர். அவர் குட்டி யானை ஓட்டுகிறார். நிஜ யானை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவார். மாமியார் மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்கப் போவார். எனக்குப் பிறந்த வீடு என்று பெரிதாக எதுவும் இல்லை. நான் எட்டாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை.

வளைகாப்புக்கு நாள் குறித்து வளையல்கூட வாங்கியாகிவிட்டது. அந்த வாரம் ஒரு காலையில் வாசலில் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த மாமியார் என் கையைப் பார்த்தார். குடத்தை இறக்கிவைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே, எங்க வூட்டுக்கு வந்துட்டியா? சொல்லாம கொள்ளாம வந்துட்டியே!"

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான் சொல்கிறார்.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அதுவரை மருமகளாக இருந்தவள் அந்த நிமிஷத்திலிருந்து மாரியம்மன். அதற்கான சட்டதிட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். வாசலில் வேப்பிலை சொருக வேண்டும். வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி மீன் ஆகாது. அம்மா வந்த ஆள் தலை சீவக் கூடாது. அரித்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொள்ள வேண்டும். யாரும் தொடக் கூடாது. மருந்து மாத்திரை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஊசி படக் கூடாது. அம்மா குடியிருக்கிற உடம்பில் ஊசி குத்தினால் அது அவளையே குத்தியதாகும்.

கொப்புளம் காய்ந்ததும் ஒற்றைப்படை நாளாகப் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மா இறங்கிவிட்டாள் என்று கணக்கு. பத்துப் பதினைந்து நாளில் முடிகிற காரியம். எனக்கு முடியவே இல்லை. இங்கே காய்ந்தால் அங்கே கிளம்பியது. ஊரில் உள்ள எந்த விதியிலும் இறங்காத அம்மாவுக்கு என்ன செய்வது என்று இல்லை. தண்ணீர் ஊற்றுகிற வரை அறையிலேயே இருக்க வேண்டியதுதான்.

என் கணவர் காலையில் வண்டியை எடுக்கும் முன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று என்னைக் கும்பிடுவார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. முதல் நாள் சிரிப்பு வந்தது. ஐந்தாம் நாள், "ஏங்க, கும்பிட்டது போதும், உள்ள வந்து செத்த நேரம் உக்காருங்களேன்" என்று கேட்டேன். அவர் தன் அம்மா இருக்கிற திசையைப் பார்த்தார்.

"அது தப்புடி" என்றவர், சாமியை 'டி' போட்டுவிட்டோமே என்று பதறி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமியார் கூழும் இளநீரும் கொண்டுவந்து நிலைப்படியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். நான் குடித்து முடித்ததும், "குளுந்து போ தாயே" என்பார். என் பெயரை யாரும் சொல்லவில்லை. நான் குழம்பு கேட்டால் மாரியம்மன் குழம்பு கேட்பாளா என்கிற மாதிரி பார்த்தார்கள். அப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் குடிக்கிறவன்மா, சுத்தம் பத்தாது. அம்மா இருக்கற வூட்டுக்கு நான் எப்பிடி வர்றது? எறங்கட்டும், வரேன்" என்றார். அவர் பயம் அவருக்கு.

ஜன்னலில் மலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலையில் பார்க்க என்ன இருக்கிறது? மலை பஸ் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் அப்படிப் போனது. அந்த ஒரு மாதத்தில் என்னைத் தொட்ட ஒரே உயிர் வயிற்றில் இருந்த பிள்ளைதான். அதுவும் உள்ளே இருந்து உதைத்ததைச் சொல்கிறேன். நான் அதனோடு நிறையப் பேசினேன். அரிக்கிறது, தாங்க முடியவில்லை என்று அதனிடம்தான் சொல்லி அழுதேன்.

ஒரு மத்தியானம் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து தன் மகளிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. என் நாத்தனாரை ரிஷிவந்தியத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"தண்ணி ஊத்தறதுக்குள்ள புள்ள பொறந்துடுச்சினா இன்னா பண்றது? பச்ச ஒடம்புக்கு ஏறினா தாங்குமா? நீ வந்து எடுத்துக்கினு போய்டு. பால் பவுடர் கரைச்சி ஊத்திக்கலாம். இவளுக்கு எறங்கினப்பறம் குடுத்துடலாம்."

எனக்கு இறங்கவே போவதில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் பிள்ளை எனக்கு எப்போது வரும்? அரிப்பையும் தனிமையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், அன்றைக்குத்தான் பயந்தேன். கோபமும் வந்தது. அறைக்குள் இருந்தபடியே, "எம் புள்ளைய யாரும் எடுத்துக்கினு போக வேணாம்" என்று கத்தினேன். மாமியார் ஓடிவந்து வாசலில் கற்பூரம் ஏற்றினார். அம்மா உக்கிரமாகிவிட்டாளாம்.

காப்பாற்றியது ஊருக்கு வரும் கிராம நர்ஸ்தான். மாதச் சோதனைக்கு நான் வரவில்லை என்று வீட்டுக்கே வந்தார். வேப்பிலையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து பார்த்தவர், "அம்மையா இருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும். அம்மையோ வேற எதுவோ, வயித்துல புள்ள இருக்கு. நாளைக்கே கூட்டிக்கினு போலேன்னா நான் மேல எழுதிப் போட்டுடுவேன்" என்று என் கணவரை மிரட்டினார். கள்ளக்குறிச்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் சேலத்திலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வருவதாகச் சொல்லி, இடத்தையும் எழுதிக்கொடுத்தார். எழுதிப் போடுவது என்றால் எங்கள் வீட்டில் பயம் உண்டு.

மறுநாள் குட்டி யானையில் போனோம். முன்னால் அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. பின்னால், கிழங்கு ஏற்றுகிற இடத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் போர்வை போட்டு, மடியில் ஒரு கொத்து வேப்பிலையோடு என்னை உட்காரவைத்தார்கள். வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போனது. சங்கராபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்ற நாலைந்து பெண்கள் என்னையும் வேப்பிலையையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதில் ஒருத்தி போன மாதம் என்னிடம் வருமானச் சான்றுக்கு எழுதிப் போனவள். அவளைப் பார்த்துக் கையசைத்தேன். அவள் இன்னும் குனிந்து கும்பிட்டாள்.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொப்புளமாகப் பார்த்தார். எங்கே முதலில் வந்தது என்று கேட்டார். தொப்புள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது அம்மை இல்லம்மா. கர்ப்பத்துல ரொம்ப அபூர்வமா சில பேருக்கு வரும். உடம்புல நோயை எதிர்த்துச் சண்டை போடற சக்தி ஒண்ணு ரத்தத்துல இருக்கும். அது ஆள் தெரியாம உங்க தோலையே எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுது. யாருக்கும் ஒட்டாது."

"ஒட்டாதுங்களா?" என்றார் கணவர். "அத்த அப்பிடியே எழுதிக் குடுத்துடுங்களேன். எங்கம்மா நம்ப மாட்டாங்க."

"உறுதி பண்ணாம எப்படி எழுதறது? கொப்புளத்து ஓரத்துல கொஞ்சமா தோல் எடுத்து அனுப்பணும். இல்லேன்னா ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

தோலை வெட்டுவது என்றதும் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். ரத்தம் என்றதும் உட்கார்ந்தார். ஆனால் ரத்தம் எடுக்க ஊசி வேண்டும் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. வெளியே போய்த் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். போனில் மாமியார் போட்ட சத்தம் உள்ளே எனக்கே கேட்டது. அம்மாவைக் குத்தினால் இரண்டு உயிரையும் கொண்டுபோய்விடுவாள் என்று அழுதார். கணவர் உள்ளே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டும் என்றும் வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

"இது என் கையி. நான் நீட்டறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றேன்.

ரத்தம் எடுக்கிற இடம் அதே தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. கடை வைத்திருந்த பாயின் மகள்தான் மேலே ரத்தம் எடுப்பவர். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, சுறுசுறுப்பான பெண். கையுறை போட்டுக்கொண்டு என் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு மாதம் கூழ் குடித்த உடம்பில் நரம்பு எங்கே தெரியும்? கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "இத்த போட்டுக்கினா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுக்கா" என்று கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் என் கையை அழுத்தினார்.

எனக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது.

"இன்னும் குத்தவே இல்லியேக்கா. பயந்துக்கினா நரம்பு உள்ள போய்டும். கைய தளர வுடுங்க."

பயமில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு மனுஷக் கை படுகிறது. அந்த விரல்கள் சூடாக இருந்தன. நகத்தில் மருதாணி வெளுத்துப்போயிருந்தது. ஒரு கொப்புளத்துக்குப் பக்கத்திலேயே கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, துளிகூட முகம் சுளிக்காமல் நரம்பைத் தேடிய அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஊசி குத்தியது வலிக்கவே இல்லை. நான் அழுதேன். வலியாக்கும் என்று நினைத்துப் பஞ்சை வைத்து ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தேன்.

ரத்தத்தைச் சுற்றவைத்துத் தெளிந்ததைப் பிரித்து, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் சென்னைக்கு அனுப்புவார்களாம். இந்தச் சோதனை இங்கே யாரும் செய்வதில்லை. ரிப்போர்ட் பத்து நாளில் வரும் என்றார் அந்தப் பெண். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை நான் வேப்பிலைக்கு அடியில் ஒளித்துவைத்து விழுங்கினேன். அரிப்பு கொஞ்சம் கம்மியானது. புதுக் கொப்புளம் முன்னைப் போல ஜாஸ்தி இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

ஆறாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. பெட்டி போன வண்டி வழியில் பழுதாகி நின்று, ஐஸ் உருகி, ரத்தம் கெட்டுப்போய்விட்டதாம். மறுபடியும் எடுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமியாரிடம் இதை மறைக்க முடியவில்லை. "பாத்தியா? ரத்தமே கெட்டுப் போச்சாமே! நான் சொன்னனே, கேட்டீங்களா? இதுக்கு மேல இன்னா வேணும் அவ காட்றதுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கணவர் சோறு தின்னாமல் எழுந்துபோனார். வீடே இழவு வீடாக இருந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்னொரு தரம் அங்கே போகலாம், இன்னொரு தரம் அந்தக் கை என் கையைப் பிடிக்கும். ரிப்போர்ட் தள்ளிப்போகிறதே, நாள் நெருங்குகிறதே, பிள்ளை கைவிட்டுப் போகுமே என்று பதற வேண்டியவள் நான். தனியாகக் கிடக்கிற மனசுக்குச் சந்தோஷப்பட வேண்டிய இடம் எது என்பதே மறந்துவிடுகிறது.

இரண்டாம் தரம் அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே, "மறுபடியும் வலிக்க வெக்கறேன், மன்னிச்சிக்கங்கக்கா" என்றார்.

"பரவால்லங்க, வேணும்னா ரெண்டு டியூப்பு ஜாஸ்தியாவே எடுத்துக்கங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த ரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ரிப்போர்ட் வந்தபோது எனக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுக் கணவர் வெளிறிப்போனார். எங்கள் ஊரில் பாசிட்டிவ் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான், அதுவும் வெளியே சொல்லக் கூடாத அர்த்தம். டாக்டரம்மாதான் அவரை உட்காரவைத்து, தான் நினைத்தது சரி என்பதற்குத்தான் அந்த வார்த்தை என்று விளக்கினார். பிறகு தன் தாளில் தமிழிலேயே எழுதினார். இது அம்மை நோய் அல்ல, தொற்று நோயும் அல்ல, யாருக்கும் ஒட்டாது, தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஊருக்கெல்லாம் சான்றிதழ் எழுதிய எனக்கு ஒருவழியாக ஒரு சான்றிதழ் கிடைத்தது.

கணவர் மாத்திரை வாங்க வெளியே போனதும் டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லிவைக்கறேன். பிரசவத்தை ஒட்டி உங்களுக்கு மறுபடி கொஞ்சம் அதிகமாகலாம். சில குழந்தைங்களுக்கும் பிறந்ததும் நாலஞ்சு கொப்புளம் வரும். அது ஒட்டிக்கிட்டது இல்ல, உங்க ரத்தத்துல இருக்கறது கொடி வழியா உள்ள போனது. சில வாரத்துல தானா போயிடும். வந்தா என்கிட்ட காட்டுங்க, பயந்துடாதீங்க."

இதை நான் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது மாமியார் காதுக்குப் போகும். போனால் கையில் இருக்கிற தாளுக்கு மதிப்பு ஏது?

தாளை மாமியாருக்குக் கணவர் இரண்டு தரம் படித்துக் காட்டினார். அவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "காயிதத்துல ஆயிரம் எழுதலாம். அம்மாவா கையெழுத்து போட்டா? தண்ணி ஊத்தாத ஒடம்பு, அவ்ளதான் எனக்குத் தெரியும்" என்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டார். கணவர் மட்டும் அன்று சாயங்காலம் தைரியமாக அறைக்குள் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் காலைத் தொட்டார். பாதத்துக்கு மேலே இருந்த கொப்புளத்தில் விரல் பட்டதும் கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். தெரிந்து செய்யவில்லை, கை தானாகப் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கும்பிட்டபோது வலிக்காதது அப்போது வலித்தது.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை கம்மி, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொன்னது போலவே எனக்குக் கொப்புளம் மறுபடி கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நர்சுகள் பிள்ளையை என் மடியில் போட்டுப் பால் கொடுக்கச் சொன்னார்கள், மாமியாரால் ஒன்றும் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கூடத்துக்குப் போய்விட்டது. நான் அறைக்கு வந்துவிட்டேன். வாசலில் புது வேப்பிலை. மறுநாள் காலை நாத்தனார் வருவதாக ஏற்பாடு. நான் சண்டை போட்டேன், தாளைக் காட்டினேன், கணவரைப் பிடித்து உலுக்கினேன். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மார்பில் பால் கட்டிக் கல்லாக வலித்தது.

காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி மாமியார் வாசலுக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "ஒரு தரம் பாத்துக்க" என்று நிலைப்படிக்கு உள்பக்கம் பாயில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். துணியை அவிழ்த்துவிட்டு அதன் தோலைப் பார்த்தேன். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத் தேடினேன். ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு தரம் பால் கொடுக்கும்போதும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். அம்மை ஒரு தரம் வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்மை வந்த இரண்டு பேரைப் பிரித்துவைக்க வேண்டிய தேவை இல்லை என்பதும் தெரியும். வயிற்றில், கொடி அறுத்த இடத்துக்குப் பக்கத்தில், கடுகு பருமனில் ஒன்று பளபளத்தது. பக்கத்தில் இன்னொன்று. தொடையில் மூன்று.

"அத்த, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டேன். ஓடிவந்தார். அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது என் ரத்தத்திலிருந்து போனது, தானாகப் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தரம் ரத்தம் கொடுத்தது அந்த உண்மைக்காகத்தானே.

"இவளுக்கும் அம்மா வந்திருக்கா" என்றேன்.

மாமியார் குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் அவர் முகத்தில் இத்தனை நாள் இருந்த பயம் மெல்ல வடிந்தது. "வந்துட்டா, வந்துட்டா. இனிமே புதுசா ஏற இன்னா இருக்கு? வந்த ஒடம்புக்கு மறுக்கா வராது. தாயும் மவளும் ஒண்ணாவே கெடக்கட்டும். மார்ல போட்டுக்க" என்றார். நாத்தனார் தன் சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் வாசலில் நின்றபடியே பிள்ளையைக் கும்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்.

மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு போனார். உள்ளே நானும் அவளும் மட்டும். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டேன். அவள் பால் குடிக்கத் தொடங்கினாள். என் கொப்புளமும் அவள் கொப்புளமும் ஒட்டிக்கொண்டிருந்தன. இனி யாரும் எடுத்துப்போக மாட்டார்கள் என்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் வாயை எடுத்துவிட்டு நெளிந்தாள். காலை உதறினாள். பசி தீரவில்லையோ என்று மறுபடி கொடுத்தேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். அவளுக்கு அரிக்குமே என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.